தாயின் தட்டிலிருந்து சேயின் ரத்தத்துக்கு

பிரசவ அறையில் முதல் அழுகை கேட்டதும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல்தான். ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, பிறந்த நேரம் என்ன என்று வெளியே காத்திருக்கும் பாட்டி முதல் சித்தப்பா வரை கேட்பார்கள். பெரும்பாலும் அடுத்த அரை மணி நேரத்துக்குள் தாயின் உடலிலிருந்து இன்னொன்றும் வெளியே வரும். சுமார் அரை கிலோ எடை, 22 செ.மீ. அகலம், நடுவில் இரண்டரை செ.மீ. தடிமன், கருஞ்சிவப்பு நிறம். துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று டாக்டரோ நர்ஸோ திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு அது மஞ்சள் நிறக் கழிவுப் பைக்குள் போய்விடும். வீட்டார் யாரும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை.

அந்த நஞ்சுக்கொடிதான் இத்தனை மாதமும் குழந்தைக்குச் சோறு போட்டது. ஆக்சிஜன் கொடுத்தது, கழிவை அகற்றியது, நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு சேர்த்தது, கர்ப்பம் நிலைக்கத் தேவையான ஹார்மோன்களைச் சுரந்தது. ஒரு வேலைக்காகவே புதிதாக முளைத்து, அந்த வேலை முடிந்ததும் உடலைவிட்டு உதிர்ந்துவிடும் உறுப்பு அது.

'நல்லா சாப்பிடும்மா' என்று கர்ப்பிணியிடம் எல்லோரும் சொல்கிறோம். அவர் சாப்பிட்டது எப்படி, எப்போது, எந்த அளவில் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொண்டால், அந்த அறிவுரையை எந்த வயதில் தொடங்க வேண்டும், வீட்டில் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

ஆறாம் நாளில் தொடங்கும் வேலை

கருத்தரித்த ஆறு, ஏழு நாட்களில் கரு கருப்பையின் சுவரைத் தொடுகிறது. அதற்குள்ளாகவே அதன் செல்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். உள்ளே இருப்பவை குழந்தையாகும். வெளியே சூழ்ந்திருப்பவை நஞ்சுக்கொடியாகும். ஆகவே நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி குழந்தையின் உறுப்புதான். தாயின் மரபணுவோடு தந்தையின் மரபணுவும் அதில் இருக்கிறது.

கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே செல்லும்போது இந்த வெளிச்செல்கள் ஒன்றோடொன்று கலந்து, இடையில் தடுப்புகளே இல்லாத ஒரே தொடர்ந்த படலமாகின்றன. செல்களை இப்படி ஒட்டவைக்கும் புரதத்தின் பெயர் சின்சிட்டின். அதை உருவாக்கும் மரபணு, இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நம் முன்னோரான குரங்கினங்களைத் தொற்றிய ஒரு வைரஸிடமிருந்து வந்தது என்று 2000-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். என்றோ வந்த தொற்று ஒன்று இன்று ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு உணவூட்டும் படலத்தைக் கட்டித் தருகிறது.

முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குத் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கருப்பையின் சுருள் தமனிகளின் வாயை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து வைத்திருக்கும். அதுவரை கருப்பைச் சுவரின் சுரப்பிகள் கசியவிடும் சத்துநீர்தான் கருவின் உணவு. உறுப்புகள் உருவாகும் அந்தக் காலத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதே மென்மையான திசுக்களுக்குப் பாதுகாப்பு. பிறகு அடைப்புகள் விலகுகின்றன. நஞ்சுக்கொடியின் செல்கள் சுருள் தமனிகளின் தசைச் சுவரை நீக்கி, குறுகலான குழாய்களை அகலமான வாய்க்கால்களாக்குகின்றன. ஏறத்தாழ 20-வது வாரத்துக்குள் இந்தக் கட்டுமானம் முடிந்துவிடும். பின்னாளில் குழந்தைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது பெருமளவுக்கு அப்போதே முடிவாகிறது.

நாள் தள்ளிப்போய், சோதனை செய்து, வீட்டில் சொல்லி, முதன்முதலாக டாக்டரைப் பார்க்கும்போது பலருக்கு இரண்டு மாதம் கடந்திருக்கும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயோ கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குத் தேவையான ஃபோலிக் அமிலம் தாயின் உடலில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

கலக்காத இரண்டு ரத்தங்கள்

தாயின் ரத்தமே குழந்தையின் உடலிலும் ஓடுகிறது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய மருத்துவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். லண்டனில் பணியாற்றிய ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் வில்லியம் ஹன்டரும் ஜான் ஹன்டரும், இறந்துபோன கர்ப்பிணிகளின் ரத்தக் குழாய்களில் மெழுகு செலுத்திப் பார்த்து, இரண்டும் தனித்தனி ஓட்டங்கள் என்று காட்டினார்கள். வில்லியம் ஹன்டரின் கருப்பை உடற்கூற்று நூல் 1774-ல் வெளிவந்தது. இரண்டும் தனித்தனி ஓட்டங்கள் என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் பின்னாளில் பகையே மூண்டது.

குழந்தையின் ரத்தக் குழாய்கள் நஞ்சுக்கொடிக்குள் கிளை விட்டு, 'வில்லி' எனப்படும் லட்சக்கணக்கான நுண்விரல்களாகப் பிரிகின்றன. ஆகாயத்தாமரையின் வேர்கள் குளத்து நீரில் தொங்குவதுபோல, இந்த நுண்விரல்கள் தாயின் ரத்தத்தில் தொங்குகின்றன. நிறைமாதத்தில் அவற்றின் மொத்தப் பரப்பு 11 முதல் 13 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய அறையின் தரை அளவு. அரை கிலோ எடையுள்ள உறுப்புக்குள் அவ்வளவு பரப்பு மடிந்து கிடக்கிறது.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி வரை தாயின் ரத்தம் அங்கே பாய்கிறது. நுண்விரல்களுக்கு இடையே ஒரு நேரத்தில் தேங்கி நிற்பது சுமார் 150 மில்லிதான். எனவே அந்த ரத்தம் நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை முழுதாக மாறிவிடுகிறது. குழந்தையிடமிருந்து இரண்டு தமனிகள் வழியாக வரும் ரத்தம் கழிவை இறக்கி, சத்தை ஏற்றிக்கொண்டு, தொப்புள்கொடியின் ஒற்றைச் சிரை வழியாகத் திரும்பிப் போகிறது. இரு ரத்தத்துக்கும் நடுவே நிற்பது மிக மெல்லிய படலம் மட்டுமே. அதைக் கடந்துதான் எல்லாமே போக வேண்டும், வர வேண்டும்.

ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வழி

முதலில் ஆக்சிஜன். அது அடர்த்தி அதிகமுள்ள தாயின் பக்கத்திலிருந்து குறைவான குழந்தையின் பக்கம் தானாகவே ஊடுருவுகிறது. குழந்தையின் ரத்தத்தில் உள்ள சிசு ஹீமோகுளோபின், பெரியவர்களின் ஹீமோகுளோபினைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடும் யூரியாவும் எதிர்த்திசையில் தாயிடம் வந்து, அவரது நுரையீரல், சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன.

குழந்தையின் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். படலத்தில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள் அதை அந்தப் பக்கம் சேர்க்கின்றன. தாயின் சர்க்கரை ஏறினால் குழந்தைக்குப் போவதும் ஏறும், இறங்கினால் இறங்கும். நஞ்சுக்கொடியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கருப்பை பெற்றுக்கொள்ளும் குளுக்கோஸிலும் ஆக்சிஜனிலும் கணிசமான பகுதியை அதுவே செலவழிக்கிறது. அவ்வளவு ஆற்றல் எதற்கு என்று அமினோ அமிலங்களைப் பார்த்தால் புரியும். பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் உள்ள புரதம் தாயின் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றை நஞ்சுக்கொடி ஆற்றல் செலவிட்டு, அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு ஏற்றுகிறது. அதனால் பல அமினோ அமிலங்கள் தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகம். தசையும் மூளையும் இதயமும் இவற்றால்தான் கட்டப்படுகின்றன.

கொழுப்பிலும் நஞ்சுக்கொடி தேர்ந்தெடுத்தே எடுக்கிறது. மூளைக்கும் விழித்திரைக்கும் தேவையான டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்துக்கு முன்னுரிமை தருகிறது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற நம் கடற்கரை மீன்கள் அதற்கு நல்ல ஊற்று.

இரும்புச்சத்தின் பயணம் ஒருவழிப் பாதை. தாயின் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து வரும் புரதத்தை நஞ்சுக்கொடி பிடித்து, இரும்பைக் கழற்றிக் குழந்தைக்கு அனுப்புகிறது. தாயிடம் கையிருப்பு குறைந்தால், பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டி இருப்பதையும் இழுக்கப் பார்க்கும். ஒரு கர்ப்பத்துக்குத் தேவையான இரும்பு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் மட்டும் அதில் 300 மில்லிகிராம் போகிறது. குழந்தை அதில் பெரும்பங்கைக் கடைசி மூன்று மாதங்களில் சேமித்து, பிறந்தபின் முதல் சில மாதங்களை அந்தச் சேமிப்பில் ஓட்டுகிறது.

சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. நிறைமாதக் குழந்தையின் எலும்புகளில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் ஏறத்தாழ 80 சதவிகிதம் கடைசி மூன்று மாதங்களில் ஏறுகிறது. தாயின் உணவில் போதாவிட்டால் அவருடைய எலும்பிலிருந்தே கரைந்து போகும்.

அயோடினும் தைராய்டு ஹார்மோனும் தாயிடமிருந்துதான் வர வேண்டும். குழந்தையின் சொந்தத் தைராய்டு முழு அளவில் வேலை செய்ய கர்ப்பத்தின் பாதி கடக்க வேண்டும். மூளை அதுவரை காத்திருக்காது. அயோடின் கலந்த உப்பு குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய காப்பு.

கடைசியாக, நோய் எதிர்ப்பு. ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை மட்டும் நஞ்சுக்கொடி தனியான ஏற்பிகளால் எடுத்துக் குழந்தைக்குக் கடத்துகிறது. நிறைமாதத்தில் அதன் அளவு தாயிடம் இருப்பதையே எட்டும், சில வேளை மிஞ்சும். கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் தடுப்பூசி பிறந்த குழந்தையைக் காப்பது இந்த வழியில்தான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இரும்பும் கால்சியமும் எதிர்ப்புப் புரதமும் ஒருசேரக் குறைவதற்குக் காரணம், கடத்தலின் உச்சக் காலமான கடைசி வாரங்கள் அதற்குக் கிடைக்காமல் போனதே.

சர்க்கரை கடக்கும், இன்சுலின் கடக்காது

கர்ப்பத்தைக் காட்டும் சிறுநீர்ச் சோதனை அட்டையில் கோடு விழுவது ஹெச்சிஜி என்ற ஹார்மோனால். அதைச் சுரப்பதும் நஞ்சுக்கொடியின் செல்கள்தான். அடுத்தடுத்த மாதங்களில் அது சுரக்கும் பிற ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. அப்போதுதான் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை சற்று நேரம் நின்று குழந்தைக்குக் கிடைக்கும். தாயின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிட்டால் சிக்கல் இல்லை. முடியாதபோது வருவது கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

தாயின் கூடுதல் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கும், அவருடைய இன்சுலின் கடக்காது. குழந்தையின் கணையம் தானே அதிக இன்சுலின் சுரக்க, குழந்தை கொழுத்துப் பெருக்கிறது. பிறந்து தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும் சர்க்கரை வரத்து நின்றுபோக, சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தையின் ரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிகிறது. டென்மார்க் மருத்துவர் ஜோர்கன் பெடர்சன் 1950-களில் விளக்கியது இதைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைக்குரிய இடம் உண்டு. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி.சேஷய்யாவும் அவருடைய குழுவினரும், வெறும் வயிற்றில் வரத் தேவையில்லாத எளிய பரிசோதனையை முன்வைத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யக்கூடிய இந்த முறை தமிழ்நாட்டில் வேரூன்றி, பிறகு தேசிய வழிகாட்டுதலிலும் இடம்பிடித்தது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

எல்லாவற்றையும் தடுக்காது

தீயதை வடிகட்டி நல்லதை மட்டும் நஞ்சுக்கொடி அனுப்பும் என்று மருத்துவ உலகம் நீண்டகாலம் நம்பியது. 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை கண்ட தாய்மாரின் குழந்தைகள் கண்புரையோடு பிறப்பதைக் கவனித்துச் சொன்னார். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் மசக்கைக்காக விழுங்கினார்கள். 1961-ல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் கைகால் வளர்ச்சிக் குறையோடு பிறந்தன. மது, ஈயம், பல மருந்துகள், புகையிலையின் நிகோடின் எல்லாமே கடந்துபோகக்கூடியவை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று மாசின் கரித்துகள்கள் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கம்வரை சென்றிருப்பதை 2019-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். விறகடுப்புப் புகையும், கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட்டும் குழந்தையின் ரத்தத்தோடு தொடர்புள்ள விஷயங்கள்.

வாய்க்கால் அகலாதபோது

சுருள் தமனிகள் சரியாக அகலாவிட்டால் ரத்தம் குறைவாகவும் சீறிக்கொண்டும் வரும். நுண்விரல்கள் சேதமடையும். குழந்தைக்குச் சத்து குறைந்து வளர்ச்சி தடைபடும். அழுத்தத்துக்கு உள்ளான நஞ்சுக்கொடி வெளியிடும் பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் பாதித்து, ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும். பிரீஎக்லாம்ப்சியா என்ற இந்த நிலை தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. ஆபத்து அதிகமுள்ளவர்களை முதல் மூன்று மாதங்களில் கண்டறிந்து 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தால், 37 வாரத்துக்கு முன் பிரசவத்தில் முடியும் பிரீஎக்லாம்ப்சியா 62 சதவிகிதம் குறைகிறது என்று 2017-ல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு காட்டியது. டாக்டர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது. முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

ஐம்பது ஆண்டு கழித்து வரும் கணக்கு

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாருக்குச் சிறிய குழந்தைகள் பிறந்தன. முதல் மூன்று மாதங்களில் மட்டும் பட்டினி கிடந்தவர்களின் நஞ்சுக்கொடி, உணவு கிடைத்ததும் கூடுதலாக வளர்ந்து ஈடுகட்டப் பார்த்தது. குழந்தைகளும் இயல்பான எடையோடு பிறந்தன. நடுவயதில் அந்தக் குழந்தைகளிடம்தான் இதய நோய் அதிகமாகக் காணப்பட்டது. பிறப்பு எடையை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது.

நம் நாட்டில் புனே அருகே ஆறு கிராமங்களில் 1993-ல் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் தொடங்கிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அங்கே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் ஒப்பிட்ட குழந்தைகளுக்கு 3.5 கிலோ. மெலிந்த நம் குழந்தைகளிடம் தசை குறைவாக இருந்தாலும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னாளில் சர்க்கரை நோய் நம்மை எளிதில் பிடிப்பதற்கான விதை கருவிலேயே விழுகிறது. வைட்டமின் பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. சைவம் மட்டும் சாப்பிடுவோர் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள இது போதுமான காரணம்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. குழந்தையின் அளவு மொத்த கலோரியோடு அவ்வளவு பொருந்தவில்லை. கீரையும் பழமும் பாலும் அடிக்கடி எடுத்த தாய்மாரின் குழந்தைகள் பெரிதாகப் பிறந்தன. வயல் வேலை, தண்ணீர் சுமப்பது என்று கடும் உழைப்பில் இருந்தவர்களின் குழந்தைகள் சிறிதாகப் பிறந்தன. சோற்றைக் குவித்து வைப்பதால் மட்டும் நஞ்சுக்கொடிக்குத் தேவையானது கிடைத்துவிடாது.

நம் வீட்டுக் கணக்கு

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. மருத்துவ வசதியில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டிலும் அது 48.3 சதவிகிதம். 15 முதல் 19 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 59.1 சதவிகிதம். பெண்பிள்ளைகள் கையிருப்பே இல்லாமல் திருமணத்துக்குள், பிறகு கர்ப்பத்துக்குள் நுழைகிறார்கள் என்பதுதான் இந்த எண்களின் பொருள்.

உதவிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகள் இலவசம். கடும் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ஊசி உண்டு. அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியும், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. அந்தப் பெட்டகத்தின் பேரீச்சையும் நெய்யும் வீட்டில் எல்லோர் வாய்க்கும் போய், கர்ப்பிணிக்கு மிச்சம் மட்டுமே கிடைத்தால் திட்டம் நஞ்சுக்கொடியை எட்டாது.

கவனத்தில் கொள்ள

* கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குங்கள். ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள்.
* நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் முடியட்டும்.
* இரும்பு மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா உதவும்.
* நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி போதும். அது கீரை, பயறு, முட்டை, மீன், பால், கேழ்வரகு, பழமாக இருக்கட்டும்.
* 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுங்கள். கருப்பைக்கான ரத்த ஓட்டம் தடைபடாது.
* குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* தாயும் சேயும் நலமாக இருந்தால், பிறந்து ஒரு நிமிடமாவது கழித்துத் தொப்புள்கொடியைத் துண்டிப்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நஞ்சுக்கொடியில் நிற்கும் ரத்தம் குழந்தைக்குப் போய் இரும்புக் கையிருப்பு கூடும்.

யாருடைய பொறுப்பு?

நஞ்சுக்கொடி எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும் தாயின் ரத்தத்தில் இல்லாத ஒன்றை அதனால் அனுப்ப முடியாது. குழந்தைக்கென்று தனியாக ஊட்ட வேறு வழியும் இல்லை. வளைகாப்பு நாளில் ஏழு வகைச் சாதம் படைக்கும் அன்பு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லா நாட்களிலும் தட்டில் தெரிய வேண்டும்.

மருமகள் கடைசியில் சாப்பிடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கணவர்கள் தண்ணீர்க் குடத்தையும் புகையையும் தாங்களே கவனித்துக்கொள்ளட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்பு மாத்திரையை மகள் விழுங்கினாளா என்று இன்று மாலை கேளுங்கள். அவளுக்கு ஒரு முட்டையையும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் கூடுதலாக வையுங்கள். நாளை பிறக்கப்போகும் பேரக் குழந்தைக்கு நீங்கள் ஊட்டும் முதல் உணவு அதுதான்.